லூபஸ் உள்ளவருக்கு இதயத்தைச் சுற்றி நீர் என்றால் என்ன அர்த்தம்?

வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அக்காவுக்கு 27 வயது. எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. 4 வருஷமாக லூபஸ் இருக்கிறது. போன மாதம் நெஞ்சில் குத்துவலி வந்திருக்கிறது. கேஸ் என்று நினைத்து ஒரு வாரம் சோடாவும் ஓமத் தண்ணீருமாக ஓட்டியிருக்கிறார்கள். ராத்திரி படுக்கவே முடியாமல் போனதும் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள். எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயத்தைச் சுற்றி 12 மில்லிமீட்டர் நீர் என்று வந்தது. சில நாள் வைத்திருந்து, ஸ்டீராய்டைக் கூட்டிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தம்பிக்கு ஐந்து சந்தேகங்கள். இது ஹார்ட் அட்டாக்கா? நீரை ஊசி போட்டு எடுக்காமல் ஏன் விட்டார்கள்? இது டிபி நீர்தான் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறாரே? ஸ்டீராய்டு சாப்பிட அக்கா பயப்படுகிறாள், நிறுத்திவிடலாமா? எப்போது வேலைக்குப் போகலாம்?

நான்காவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நிறுத்தக் கூடாது. நாளைக் காலை மாத்திரை ஒன்றைக்கூட விடக் கூடாது. மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நான் தண்டையார்பேட்டைப் பக்கம் பல வருஷமாகப் பொது மருத்துவம் பார்ப்பவள். லூபஸ் நிபுணர் இல்லை. ஆனால் இந்த வியாதி முதலில் வந்து நிற்பது எங்களைப் போன்றவர்கள் கிளினிக் வாசலில்தான். மூட்டுவலி என்று எலும்பு டாக்டரிடம் போவார்கள், முகத்தில் சிவப்பு என்று தோல் டாக்டரிடம் போவார்கள், முடி கொட்டுகிறது என்று எண்ணெய் மாற்றுவார்கள். எல்லாம் ஒரே வியாதி என்று யாராவது சேர்த்துப் பார்க்கும்வரை வருஷங்கள் ஓடிவிடும். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி உடம்பின் மீதே பாய்வதுதான் லூபஸ். பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள், அதுவும் பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள்.

சரி, இதயத்துக்கு வருவோம். இதயத்தை லூபஸ் தாக்குகிறது என்று பொதுவாகச் சொன்னால் எதுவுமே சொன்னதாகாது. எந்த அடுக்கைத் தாக்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெளியே இதயத்தைப் போர்த்தியிருக்கும் உறை, நடுவில் துடிக்கும் தசை, உள்ளே வால்வுகளோடு கூடிய மெல்லிய சவ்வு, இவற்றுக்கெல்லாம் ரத்தம் கொண்டுவரும் குழாய்கள் என்று நாலு இடம். வைத்தியம், ஆபத்து, குணமாகும் வேகம் மூன்றும் இந்த நாலு இடத்துக்கும் வேறு வேறு. உங்கள் அக்காவுக்கு வந்திருப்பது வெளி உறையில். நாலில் இதுதான் அதிகம் வருவது, நன்றாகக் கேட்பதும் இதுதான். லூபஸ் உள்ளவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வலியாக வெளிப்படும்.

ஆகவே இது ஹார்ட் அட்டாக் இல்லை. ஹார்ட் அட்டாக் என்பது ரத்தக்குழாய் அடைத்து, தசைக்கு ரத்தம் போகாமல் நின்றுவிடுவது. இங்கே குழாயில் கோளாறு இல்லை, போர்வைதான் வீங்கியிருக்கிறது. அந்த உறைக்கு இரண்டு மடிப்பு உண்டு. நடுவில் எண்ணெய் விட்ட மாதிரி 15 முதல் 50 மில்லி நீர் எல்லோருக்கும் இருக்கும். உறை இப்படி வீங்குவதைத்தான் அழற்சி என்கிறோம். அழற்சி வந்தால் மடிப்புகள் சொரசொரப்பாகி ஒன்றோடொன்று உரசும், நீரும் கூடும். மூச்சை இழுத்தால் குத்துகிறது, மல்லாந்து படுத்தால் கூடுகிறது, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் விடுகிறது என்று நோயாளி சொன்னால் பாதி நோய் அங்கேயே பிடிபட்டுவிடும். தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே ராத்திரியைக் கழித்தேன் என்று சொல்பவர்களை நான் உடனே ஈசிஜிக்கு அனுப்பிவிடுவேன்.

இப்போது அப்படிச் செய்கிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு பெண்ணுக்கு நானே அசிடிட்டி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். படுத்தால் கூடுகிறது என்றாள். எதுக்களிப்பும் படுத்தால் கூடத்தானே செய்யும்? மூச்சை இழுத்தால் குத்துகிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. நாலு நாள் கழித்து மூச்சிரைப்போடு வந்தாள். பிழைத்துக்கொண்டாள். இருந்தாலும் அந்த நாலு நாளை நான் மறக்கவில்லை. அதனால் ஒரு வாரம் ஓமத் தண்ணீர் குடித்ததற்காக உங்கள் வீட்டில் யாரும் யாரையும் திட்ட வேண்டாம்.

ரிப்போர்ட்டில் 12 மில்லிமீட்டர் என்று எழுதியிருப்பது நீர்ப்படலத்தின் கனம். 10-க்குக் கீழே என்றால் கொஞ்சம், 10 முதல் 20 வரை நடுத்தரம், 20-க்கு மேலே அதிகம் என்று கணக்கு. அதே தாளில் டாம்பனேட் இல்லை என்று இருக்கிறதா பாருங்கள். எனக்கு 12-ஐவிட அந்த வரிதான் முக்கியம். நீர் இதயத்தை அமுக்கி, விரிய விடாமல் செய்வதுதான் டாம்பனேட். எவ்வளவு நீர் என்பதைவிட எவ்வளவு வேகமாகச் சேர்ந்தது என்பதுதான் அதைத் தீர்மானிக்கும். வியாசர்பாடி கணேசபுரம் சப்வேயைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நாள் முழுக்கத் தூறினாலும் பஸ் போய்க்கொண்டிருக்கும், ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தால் சப்வேயை மூடிவிடுவார்கள். உறையும் அப்படித்தான். வாரக்கணக்கில் மெதுவாகச் சேர்ந்தால் இழுபட்டுக் கொடுத்து ஒரு லிட்டரைக்கூடத் தாங்கும். திடீரென்று சேர்ந்தால் 200 மில்லியிலேயே ரத்த அழுத்தம் விழுந்துவிடும். லூபஸில் இந்த நிலை அபூர்வம்தான்.

ஊசி போட்டு எடுக்காததற்குக் காரணமும் இதுதான். இதயம் அமுங்குகிறது என்றாலோ, நீரில் கிருமி இருக்குமோ என்று சந்தேகம் இருந்தாலோ, மருந்துக்கு அடங்காமல் நிறையச் சேர்ந்தாலோ நீரை எடுத்தே ஆக வேண்டும். மற்றபடி, துடித்துக்கொண்டிருக்கும் இதயத்துக்குப் பக்கத்தில் ஊசியைக் கொண்டுபோவது சின்ன விஷயமில்லை. லூபஸ் நீர், காரணத்தை அடக்கினால் தானாகவே உறிஞ்சப்பட்டுவிடும். இறைத்துவிட்டு அழற்சியை அப்படியே விட்டால் மறுபடி ஊறும். உங்கள் டாக்டர் செய்தது சரி.

டிபி விஷயத்தில் பக்கத்து வீட்டுக்காரரைச் சிரித்து ஒதுக்கிவிடாதீர்கள். நம் ஊரில் இதய உறையில் நீர் என்றதும் எந்த டாக்டருக்கும் டிபிதான் முதலில் நினைவுக்கு வரும், வரவும் வேண்டும். வீட்டோடு வீடு ஒட்டி, ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் தெருக்கள் நம்முடையவை. போதாததற்கு உங்கள் அக்கா 4 வருஷமாக எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர். லூபஸ் இருப்பதாலேயே டிபி வராது என்று ஆகிவிடாது, வருவதற்கு வாய்ப்பு கூடவே செய்யும்.

ஆனால் இரண்டும் வரும் விதம் வேறு. டிபி நீர் வாரக்கணக்கில் சேரும். சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை குறைவது எல்லாம் கூடவே வரும். லூபஸ் கிளம்பி வந்த நீர் என்றால் மற்ற இடங்களிலும் தடயம் இருக்கும். மூட்டுவலி திரும்பியிருக்கும், வாயில் புண் வந்திருக்கும், முகச் சிவப்பு கூடியிருக்கும். ரத்தத்தில் சி3, சி4 என்ற இரண்டு புரதங்களும் குறைந்து, உடம்பின் மீதே பாயும் டிஎஸ்டிஎன்ஏ எதிர்ப்பணு கூடியிருக்கும். ஈஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகள். அதில் சிஆர்பி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லூபஸ் கிளம்பும்போது ஈஎஸ்ஆர் ஏறும், சிஆர்பி பெரும்பாலும் அவ்வளவாக ஏறாது. அது நன்றாக ஏறியிருந்தால் ஒன்று கிருமித் தொற்று, இல்லையென்றால் இப்படி உறையில் வந்த அழற்சி. இரண்டில் எது என்று சிஆர்பி சொல்லாது. அதனால்தான் எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை எல்லாம் எடுத்திருப்பார்கள். நீரை எடுத்திருந்தால் அதில் டிபிக்கான ஏடிஏ அளவும், டிபி கிருமியைத் தேடும் சிபிநாட் பரிசோதனையும் பார்ப்பார்கள்.

எதற்கும் இருக்கட்டும் என்று டிபி மருந்தை ஆரம்பித்துவிடலாமே என்று சிலர் நினைப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. டிபி மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் உடம்பில் ஸ்டீராய்டைச் சீக்கிரம் கரைத்துவிடும், போட்ட மாத்திரை பாதி வேலைகூடச் செய்யாது. இன்னொன்றான ஐசோனியசிட் சிலருக்கு லூபஸ் மாதிரியே ஒன்றைக் கிளப்பிவிடும், அபூர்வம் என்றாலும். டிபி என்று உறுதியானாலோ வலுவான சந்தேகம் இருந்தாலோ கட்டாயம் கொடுக்க வேண்டும், ஸ்டீராய்டு அளவை அதற்கேற்ப மாற்ற வேண்டும். சும்மா ஒரு பாதுகாப்புக்கு என்று கொடுக்கிற மருந்து இல்லை அது. சந்தேகம் தீரவில்லையென்றால் ஓட்டேரியில் நெஞ்சக நோய்களுக்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது, அங்கே ஒரு கருத்து கேட்கலாம்.

இன்னொன்றும் பார்த்தார்களா என்று கேளுங்கள். சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியாட்டினின், இரண்டும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும். லூபஸ் சிறுநீரகத்தைப் பிடித்து அது மோசமாகிவிட்டாலும் இதய உறையில் நீர் சேரும். அப்போது வைத்தியத்தின் போக்கே மாறிவிடும்.

இனி மருந்து. லேசான உறை அழற்சிக்கு இபுபுரூஃபன், நாப்ராக்சன் மாதிரி வலி மாத்திரைகளே போதும், சிறுநீரகம் நன்றாக இருந்தால் மட்டும். கூடவே கோல்ச்சிசின் கொடுப்பது உண்டு. கீல்வாதத்துக்கு உள்ள பழைய மருந்து அது, உறை அழற்சி திரும்பத் திரும்ப வராமல் தடுக்கும். வயிற்றுப்போக்கு வந்தால் டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைத்துக்கொள்ளலாம். நீர் நடுத்தர அளவோ அதற்கு மேலேயோ போனாலோ, வலி மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டாலோ பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. இதற்கு வழக்கமான அளவு எடையில் கிலோவுக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம். 50 கிலோ உள்ளவருக்கு நாளைக்கு 10 முதல் 25 மில்லிகிராம். லூபஸ் உறை அழற்சி இதற்குச் சட்டென்று கேட்கும். இரண்டு மூன்று நாளில் படுக்க முடிகிறது என்பார்கள். அங்கேதான் வம்பும் ஆரம்பிக்கிறது.

வலி போய்விட்டது, முகம் உப்புகிறது, பசி எடுக்கிறது, தெருவில் பார்ப்பவர்கள் என்ன குண்டாகிவிட்டாய் என்கிறார்கள். உடனே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். என் அனுபவத்தில் இளம் பெண்கள் நிறுத்துவது சர்க்கரைக்கோ எலும்புக்கோ பயந்து இல்லை, இந்த முகத்துக்காகத்தான். அதை அற்பம் என்று நான் சொல்ல மாட்டேன். 27 வயதில் கண்ணாடியைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால் அது பெரிய துன்பம்தான். ஆனால் வாரக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால், உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்திவிடும். மாத்திரையைச் சட்டென்று விட்டால் ரத்த அழுத்தம் விழும், வாந்தி வரும், மயக்கம் வரும். அடங்கிக்கொண்டிருந்த உறை அழற்சியும் முன்னைவிட வேகமாகத் திரும்பும். படிப்படியாகக் குறைப்பது ஒன்றுதான் வழி. கடைசியில் நாளைக்கு 5 மில்லிகிராமுக்குள் கொண்டுவர வேண்டும், முடிந்தால் முழுதாக விட வேண்டும் என்பதுதான் இன்றைக்கு மருத்துவ உலகத்தின் வழிகாட்டல். அளவு இறங்க இறங்க முகமும் இறங்கும். அக்காவிடம் இதை ஒரு தடவை இல்லை, பத்து தடவை சொல்லுங்கள்.

ஸ்டீராய்டை இறக்க ஏணி வேண்டும். அந்த ஏணி ஹைட்ராக்சிகுளோரோகுயின். லூபஸ் உள்ள அனேகமாக எல்லோருக்கும் வாழ்நாள் மருந்து இது. அழற்சி திரும்புவதைக் குறைக்கும், ரத்தம் உறைவதைக் குறைக்கும், சிறுநீரகத்துக்கும் நல்லது. ஆனால் உடனே எதுவும் தெரியாது, வேலை செய்ய 2, 3 மாதம் ஆகும். எதுவும் தெரியாததாலேயே இதைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள். நெஞ்சில் நீரோடு வரும் லூபஸ் நோயாளியிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, அந்தக் கசப்பு மாத்திரையை எப்போது நிறுத்தினீர்கள் என்பதுதான். உங்கள் அக்காவிடமும் கோபப்படாமல் கேட்டுப் பாருங்கள். 2020 மார்ச்சில் கொரோனாவுக்கு இது நல்லது என்று கிளம்பிய பேச்சில் மருந்துக்கடைகளில் இது கிடைக்காமல் லூபஸ் நோயாளிகள் அலைந்தார்கள். அன்றிலிருந்து ஒரு மாதத்துக்கு முன்கூட்டியே வாங்கி வைக்கச் சொல்கிறேன். அளவு எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாமல் இருக்க வேண்டும். ஆரம்பத்தில் ஒரு கண் பரிசோதனை, 5 வருஷத்துக்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை. கண் போய்விடும் என்று பயந்து விட்டுவிடுவதைவிட, கண்ணைப் பரிசோதித்துக்கொண்டு சாப்பிடுவது மேல்.

இவ்வளவுக்கும் அடங்காமல் நீர் மறுபடி மறுபடி வந்தால் அசாதையோபிரின், மைக்கோபினோலேட், மெத்தோட்ரெக்சேட் என்று எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து ஒன்றைச் சேர்ப்பார்கள். அதற்கும் மேலே பெலிமுமாப், ரிடுக்சிமாப் போன்ற ஊசிகள் இருக்கின்றன, விலை அதிகம். உங்கள் அக்காவின் நிலையில் அதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். இந்த மருந்துகளுக்கெல்லாம் மூட்டுவாதம், லூபஸ் மாதிரி வியாதிகளைப் பார்க்கும் ரூமட்டாலஜி டாக்டர் கட்டாயம் வேண்டும். ஸ்டான்லியிலும் சென்ட்ரல் எதிரே ஜி.ஹெச்சிலும் அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. ஓபி வரிசை நீளம்தான், காலையிலேயே போய்விடுங்கள், பழைய சீட்டு ஒன்று விடாமல் எடுத்துப் போங்கள். இதய டாக்டர் உறையைப் பார்ப்பார், வியாதியைப் பார்ப்பவர் அங்கே இருக்கிறார்.

நான் உண்மையில் பயப்படுவது நடு அடுக்குக்குத்தான். தசையில் அழற்சி வருவது குறைவு, நூறில் ஐந்து பேர், பத்து பேர். ஆனால் அது வலியே இல்லாமலும் வரும். மாடிப்படி ஏறினால் இரைக்கிறது, சும்மா இருக்கும்போதும் படபடப்பு, சாயங்காலம் கணுக்காலில் வீக்கம், சிலருக்கு இவ்வளவுதான் தெரியும். எக்கோவில் இ.எஃப். என்று ஒரு எண் இருக்கும், ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் எத்தனை சதவீத ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பது. 55-க்கு மேலே இருந்தால் நிம்மதி. அது குறைந்து, இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனினும் ஏறியிருந்தால் உடனே அட்மிஷன்தான். மெதில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை 500 முதல் 1000 மில்லிகிராம் வரை 3 நாள் நரம்பு வழியாக ஏற்றி, சைக்ளோபாஸ்பமைடோ மைக்கோபினோலேட்டோ சேர்த்து, கூடவே இதயம் பலவீனமானவர்களுக்குத் தரும் மருந்துகளையும் கொடுப்பார்கள். அந்த நிலையில் உப்பு ஆகாது. காசிமேட்டுப் பக்கத்து வீடுகளில் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது என்பார்கள். நான் கண்டிப்பாகத் தடை போடும் ஒரே சாப்பாடு அதுதான்.

உள் சவ்வைப் பற்றிச் சுருக்கமாக. வால்வுகளில் கிருமி இல்லாமலேயே சின்னச் சின்ன மொட்டுகள் வளரும். லிப்மன், சாக்ஸ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1924-ல் விவரித்தது, இன்றும் அவர்கள் பெயரில்தான் வழங்குகிறது. ரத்தத்தில் ஆன்டிபாஸ்போலிப்பிட் என்ற, ரத்தத்தை எளிதில் உறையவைக்கும் எதிர்ப்பணு இருப்பவர்களுக்கு இது அதிகம். மொட்டு பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். அதனால் அந்த ரத்தப் பரிசோதனையை ஒரு தடவையாவது செய்திருக்க வேண்டும். ரத்தக்குழாய்க்கு வந்தால், 1997-ல் அமெரிக்காவில் வந்த ஒரு ஆய்வு லூபஸ் உள்ள 35 முதல் 44 வயதுப் பெண்களுக்கு மாரடைப்பு ஆபத்து அதே வயதுள்ள மற்றவர்களைவிட 50 மடங்கு அதிகம் என்றது. அந்த வயதில் பொதுவாக ஆபத்து மிகக் குறைவு என்பதால் மடங்கு பெரிதாகத் தெரிகிறது. ஆனாலும் பிபி, சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் இப்போதிலிருந்தே பார்த்துவர வேண்டும்.

கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். லூபஸ் குறைந்தது 6 மாதம் அடங்கியிருந்தால் பிள்ளை பெறலாம். மைக்கோபினோலேட், மெத்தோட்ரெக்சேட், சைக்ளோபாஸ்பமைடு சாப்பிடும்போது கர்ப்பம் கூடவே கூடாது, முன்கூட்டியே மாற்ற வேண்டும். ஹைட்ராக்சிகுளோரோகுயினைக் கர்ப்பத்திலும் நிறுத்தக் கூடாது. லூபஸில் சிலருக்கு ரத்தத்தில் இருக்கும் ரோ என்ற எதிர்ப்பணு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இருந்தால் நூறில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்கு இதயத் துடிப்பு குறையும், வயிற்றில் இருக்கும்போதே குழந்தைக்கு எக்கோ எடுத்துக் கவனிப்பார்கள். மாப்பிள்ளை வீட்டில் மறைக்க வேண்டாம் என்பது என் சொந்த அபிப்பிராயம். கல்யாணத்துக்குப் பிறகு மறைத்துச் சாப்பிட வேண்டி வந்து மாத்திரையை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ராத்திரியானாலும் காத்திருக்காமல் கிளம்ப வேண்டிய நிலை இது: படுக்க முடியாத மூச்சுத்திணறல், எழுந்தால் கண் இருட்டுவது, கழுத்து நரம்பு புடைப்பது, கை கால் சில்லிட்டுப் போவது, காய்ச்சலோடு குளிர் நடுக்கம். 108-ஐக் கூப்பிட்டு, லூபஸ், ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர் என்ற இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசிக் கேள்வி, வேலை. வலி முழுதாகப் போய், சிஆர்பியும் எக்கோவும் சரியாகும்வரை உடம்பை வருத்தும் வேலை வேண்டாம். பெரும்பாலும் சில வாரம் ஆகும். தசையில் அழற்சி வந்திருந்தால்தான் 3 முதல் 6 மாதம். வெயில் லூபஸைக் கிளப்பும், அதனால் மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து கடைக்கு நடக்கும் தூரத்துக்குக்கூடக் குடையும் முழுக்கை ரவிக்கையும் வேண்டும். மற்றபடி துணி மடிப்பதில் ஆபத்து இல்லை, பத்து மணி நேரம் நின்றுகொண்டே மடிப்பதில்தான். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. அக்கா திரும்பிப் போகும் முதல் நாள் நீங்களும் கூடப் போய், முதலாளியிடம் டாக்டர் சீட்டைக் காட்டி ஒரு ஸ்டூல் கேளுங்கள்.